மூன்றாவது வால்கிரி

எக்ஸ்.பி.-70 வால்கிரி என்ற அமெரிக்கச் சோதனை விமானத்தில் வானைக் கண்டவை இரண்டே இரண்டு. ஒன்று 1966இல் கலிபோர்னியப் பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது. மற்றது ஒஹாயோ மாநிலம் டேட்டன் நகருக்கு அருகே அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மூன்றாவதைக் கட்டி முடிப்பதற்குள், 1964இலேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆகவே, மூன்றாவது வால்கிரி வேண்டும் என்பவர் கடையில் ஒரு பெட்டி வாங்கிவந்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சில மாதங்களுக்குப் பிடித்துவைத்துக்கொண்டு, தானே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டுகிறார்கள். உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். ஒவ்வொரு பாகத்தையும் வெட்டியெடுத்து, பிசிறு சீவி, ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்து, கடைசியில் எழுத்துகளையும் சின்னங்களையும் தண்ணீரில் நனைத்து ஒட்டினால் விமானம் தயார். சொல்லும்போது ஒரு வாக்கியம்தான். நல்ல கைகாரருக்கே இது பல மாத வேலை.

வால்கிரிக்குப் பல அளவுகளில் கிட் வந்திருந்தாலும், பலர் சவாலாக எடுத்துக்கொள்வது 1/72 அளவில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்டதை. எழுபத்திரண்டு என்பது விநோதமான எண்ணாகத் தெரியும். கணக்கு எளிது: நிஜ விமானத்தின் ஆறு அடி மாடலில் ஓர் அங்குலம். அதாவது சராசரி மனிதர் ஒருவர் ஓர் அங்குல உயரம் நிற்பார். 1930களில் பிரிட்டனில் மரத்தால் செய்த ஸ்கைபேர்ட்ஸ் மாடல்கள் இந்த அளவைப் பரப்பின. 1936இல் ஃப்ராக் நிறுவனத்தின் பெங்குவின் வரிசை அதைப் பிளாஸ்டிக்குக்குக் கொண்டுவந்தது. இன்றுவரை விமான மாடல்களில் மிகப் பரவலான அளவுகளில் அது ஒன்று. சாதாரணப் போர் விமானம் இந்த அளவில் உள்ளங்கையில் அடங்கும். வால்கிரி அடங்காது. நிஜத்தில் 185 அடி நீளம், 105 அடி இறக்கை வீச்சு. மாடலில் நீளம் ஏறக்குறைய 78 சென்டிமீட்டர், அகலம் 44 சென்டிமீட்டர். முதல் தொல்லை அங்கேயே ஆரம்பிக்கிறது.

இவ்வளவு பெரிய விமானம் எதற்கு? 1950களில் அமெரிக்க விமானப்படைக்கு ஒரு கனவு இருந்தது. ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில், எழுபதாயிரம் அடிக்கு மேல், எந்த எதிரி விமானமும் எட்ட முடியாத உயரத்தில் பறந்து அணுகுண்டு போடும் குண்டுவீச்சு விமானம். நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் அதை வடிவமைத்தது. இதற்குள் ஏவுகணைகள் வளர்ந்துவிட்டன. உயரத்தில் பறப்பதே பாதுகாப்பு என்ற நம்பிக்கையை 1960இல் சோவியத் வானில் யு-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட சம்பவம் குலைத்துப்போட்டது. 1961இல் கென்னடி அரசு குண்டுவீச்சுத் திட்டத்தை நிறுத்தி, ஆராய்ச்சிக்காக மட்டும் பறக்கட்டும் என்று விட்டது. போருக்குப் போகாத அந்தக் குண்டுவீச்சு விமானம், மிகை ஒலிவேகப் பறத்தலைப் படிக்கும் ஆய்வுக்கூடமாயிற்று. இரண்டு விமானங்களும் சேர்ந்து 129 முறை பறந்தன.

மாடல் கட்டுகிறவருக்கு இந்த வரலாறு பொழுதுபோக்குக்காகப் படிக்கும் விஷயமில்லை. அவர் கத்தியை எடுப்பதற்கு முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: எந்த விமானம், எந்த நாள்? பெட்டியின் மேல் "எக்ஸ்.பி.-70" என்று போட்டிருக்கும், ஆனால் அப்படிப் பொதுவாக ஒரு விமானம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முதல் விமானம் வேறு, இரண்டாவது வேறு. முதலாவதன் இறக்கை தட்டையாக இருக்கும். பறக்கும்போது உருளலில் நிலைகொள்ளாமல் தடுமாறியதால், இரண்டாவதற்கு இறக்கையை ஐந்து பாகை மேல்நோக்கிச் சாய்த்தார்கள். ஐந்து பாகை என்றால் மாடலில் கண்ணுக்கு நன்றாகவே தெரியும் சாய்வு. வால் செங்குத்துத் தகட்டில் 20001 என்ற எண்ணை ஒட்டிவிட்டு இறக்கையைச் சாய்வாக வைத்தால், விவரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். 20207 என்றால் சாய்வு இருக்க வேண்டும்.

நாளையும் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? இந்த விமானம் பறக்கும்போதே வடிவம் மாறும் ஜாதி. இறக்கையின் இரு நுனிகளும் கீல் வைத்துக் கீழே மடங்கும். ஒவ்வொன்றும் சுமார் இருபது அடி அகலம். ஒரு சிறிய விமானத்தின் மொத்த இறக்கைக்குச் சமம். ஓடுபாதையில் அவை நேராக இருக்கும். வேகம் கூடும்போது 25 பாகை, ஒலியின் மூன்று மடங்கை நெருங்கும்போது 65 பாகை. அப்படி மடக்கியதில் இரட்டை லாபம். அந்த வேகத்தில் விமானத்தின் அடிவயிற்றிலிருந்து கிளம்பும் அதிர்வலை இறக்கைக்குக் கீழே காற்றழுத்தத்தை உயர்த்துகிறது. மடங்கிய நுனிகள் அந்த அழுத்தத்தைப் பக்கவாட்டில் நழுவவிடாமல் அணைபோட்டு வைக்கின்றன. தான் எழுப்பிய அலையின் மேலேயே விமானம் சவாரி செய்கிறது. கூடவே, நிமிர்ந்து நிற்கும் தகடுபோல அந்த நுனிகள் விமானம் திசை தப்பாமலும் பார்த்துக்கொள்கின்றன.

மூக்கும் அப்படித்தான். விமானியின் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சாய்தளம் உண்டு. வேகமாகப் போகும்போது அது உயர்ந்து, மூக்கிலிருந்து முதுகுவரை ஒரே வழவழப்பான கோடாக்கிவிடும். தரையிறங்கும்போது தாழ்ந்து விமானிக்குப் பாதையைக் காட்டும்.

ஆக, சக்கரம் இறங்கியிருந்தால் நுனி நேராக, சாய்தளம் தாழ்ந்து இருக்க வேண்டும். ஸ்டாண்டில் பறக்கவிட்டு நுனியை முழுக்க மடக்கினால் சக்கரம் உள்ளே, சாய்தளம் மேலே. இரண்டையும் கலந்து, சக்கரத்தில் நிற்கும் விமானத்துக்கு 65 பாகை நுனி வைப்பவர்கள் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். தரையில் நிற்கிற விமானம் ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் போய்க்கொண்டிருப்பதாக அர்த்தம், அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம். பெரிய மாடலில் உடல் பாதி பாதியாக நீளவாக்கில் வரும். நீண்ட கழுத்தின் இரு பாதிகளும் முழுதாக ஒன்றோடொன்று பொருந்துவது அபூர்வம். பிளாஸ்டிக் அச்சிலிருந்து வெளிவந்து ஆறும்போது இம்மியளவு வளைந்திருக்கும். பாலிஸ்டைரீன் என்ற இந்தப் பிளாஸ்டிக்குக்குப் போடும் பசை உண்மையில் பசையே இல்லை, கரைப்பான். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, மெல்லிய தூரிகையால் இணைப்பில் தொட்டால் திரவம் தானே உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும், பிளாஸ்டிக் இளகும். அப்போது லேசாக அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் நூல்போல வெளியே பிதுங்கும். அந்தப் பிதுக்கம் வந்தால்தான் இணைப்பு நிறைந்தது என்று அர்த்தம். ஒரு நாள் ஆறவிட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முதலில் முரடு, பிறகு நைசு, கடைசியில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் ரகம். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை இணைப்பின் குறுக்கே இழுத்துப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாது. சரி, முடிந்தது என்று சாம்பல் நிறப் பிரைமரை ஒரு கை அடித்ததும், தலைமுதல் வால்வரை ஒரு மெல்லிய கோடு பல்லிளிக்கும். மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள்.

வால்கிரியில் இந்த வேலையைத் தட்டிக்கழிக்கவே முடியாது. காரணம் நிஜ விமானத்தின் உடம்பு. ஒலியின் மூன்று மடங்கில் காற்று உரசி, உடலின் சூடு 230 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மூக்கு முனையில் 330 வரை போகும். அலுமினியம் அந்தச் சூட்டில் வலுவிழந்துவிடும். ஆகவே துருப்பிடிக்காத எஃகில் தேன்கூடுபோன்ற நடுவடுக்கை வைத்து, இருபுறமும் மெல்லிய எஃகுத் தகட்டை உருக்கி ஒட்டிப் பலகைகள் செய்தார்கள். அந்தப் பலகைகளை ஒன்றோடொன்று பற்றவைத்தார்கள். ரிவெட் வரிசைகள் நிறைந்த வழக்கமான விமானத் தோலைவிட இது வழவழப்பு. மாடலில் ஆழமான கோடுகளைச் செதுக்கி, கருமை தேய்த்து எடுப்பாகக் காட்டும் வழக்கமான உத்தி இங்கே பொருந்தாது.

அந்தப் பலகைகளின் இணைப்பு நிஜத்திலும் பெரும் தலைவலியாக இருந்தது. இறக்கைக்குள்ளேயே எரிபொருள் தொட்டிகள். பற்றவைத்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் வழியே கசிவு. வைட்டான் என்ற ரப்பர்ப் பொருளை உள்ளே பூசிப் பூசி அடைத்தார்கள். அப்படியும் முதல் விமானத்தில் ஒரு தொட்டியைச் சரிசெய்யவே முடியாமல், உபயோகிக்காமல் மூடிவிட்டார்கள். பட்டி பார்த்துச் சலித்துப்போன மாடல்காரருக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

அடுத்த சோதனை வெள்ளை. மாடல் செய்கிறவர்களிடம் கேட்டால், அடிக்கவே பிடிக்காத நிறங்களில் மஞ்சள், சிவப்போடு வெள்ளையையும் சேர்த்துச் சொல்வார்கள். வெள்ளை அடியில் உள்ளதை எளிதில் மறைக்காது. மறைய வேண்டும் என்று தடிமனாக அடித்தால் ஓரங்களில் திரண்டு, கோடுகளை நிரப்பிவிடும். 1/72 கணக்கில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பெயிண்ட் என்பது நிஜ விமானத்தில் ஏழு மில்லிமீட்டர் கனத்துக்குச் சமம். சுவருக்குப் பூச்சு பூசியதுபோல ஆகிவிடும். நீர்க்கக் கலந்து, ஏர்பிரஷ்ஷில் மூடுபனிபோல நாலைந்து முறை அடிப்பதே வழி. ஒவ்வொரு தடவைக்கும் நடுவே காயவிட வேண்டும். அறையில் பறக்கும் ஒரு தூசி, சட்டையிலிருந்து விழுந்த ஒரு நூல், இரண்டுக்கும் வெள்ளையில் ஒளிய இடமே கிடையாது. அப்பட்டமான சுத்த வெள்ளை சிறிய உருவத்தில் பொம்மைத்தனமாகத் தெரியும் என்பதால், அனுபவசாலிகள் ஒரு சொட்டுச் சாம்பலைக் கலந்துகொள்வார்கள்.

அந்த வெள்ளை அமெரிக்கர்களுக்கும் நின்றுபிடிக்கவில்லை. சூட்டைச் சமாளிக்கப் பூசிய வெள்ளை, 1964 அக்டோபரில் முதல் விமானம் முதன்முறையாக ஒலிவேகத்தைத் தாண்டித் திரும்பியபோது, திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. கருவெள்ளைத் தேமல்களோடு நிற்கும் அந்தப் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. பளபளப்பான முழு வெள்ளையை மாதக்கணக்கில் பாடுபட்டு அடித்துவிட்டு, பிறகு அதையே உரித்துக்காட்டும் துணிச்சல்காரர்களும் இருக்கிறார்கள். முதலில் எஃகு நிறம் அடித்து, காய்ந்ததும் அதன்மேல் மெல்லிய இடைப்பூச்சு ஒன்று. அதற்கும் மேலே வெள்ளை. வெள்ளையை ஈரத் தூரிகையால் சுரண்டினால் இடைப்பூச்சு கரைந்து, உரிந்த திட்டுகள் தத்ரூபமாக வரும். 1965 அக்டோபர் 14ஐத் தேர்ந்தெடுப்பவருக்கு இன்னும் ஒரு படி கஷ்டம். அன்றுதான் முதல் விமானம் முதன்முறையாக ஒலியின் மூன்று மடங்கைத் தொட்டது. சூடும் அழுத்தமும் சேர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் இரண்டடி அளவுக்குப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த விமானத்தை 2.5 மடங்குக்கு மேல் ஓட்ட விடவில்லை. மாடலில் அந்த இரண்டடி, எட்டு மில்லிமீட்டர்.

டயருக்கு வருவோம். டயர் என்றால் கறுப்பு என்று கை தானாகப் போகும். வால்கிரியின் டயர்கள் வெள்ளி நிறம். சக்கர அறைக்குள் கொதிக்கும் சூட்டில் ரப்பர் கருகாமலிருக்க, சூட்டைத் திருப்பியடிக்கும் பூச்சு. ஒவ்வொரு பின்காலிலும் நான்கு பெரிய சக்கரங்கள். உற்றுப் பார்த்தால் நடுவே ஐந்தாவதாக ஒரு குட்டிச் சக்கரம் தெரியும். பிரேக் பிடிக்கும்போது பெரிய சக்கரங்கள் உருளாமல் சறுக்குகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது. முதல் பயணத்தில் அது உதவவில்லை. 1964 செப்டம்பர் 21 அன்று பாம்டேலிலிருந்து கிளம்பி எட்வர்ட்ஸ் தளத்தில் இறங்கியபோது, இடது பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு டயர் வெடித்துத் தீப்பிடித்தது. அந்தப் பயணத்தில் சக்கரங்களை முழுக்க மேலிழுக்கவும் முடியவில்லை.

சக்கரத்தைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. 1966 ஏப்ரல் 30 அன்று இரண்டாவது விமானத்தின் மூக்குச் சக்கரம் சிக்கிக்கொண்டது. விமானிகள் ஆல் வைட்டும் ஜோ காட்டனும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் சுற்றினார்கள். கடைசியில் காட்டன் மின்பெட்டியைத் திறந்து, காகிதங்களைச் செருகும் ஒரு கிளிப்பை வளைத்து இரண்டு முனைகளை இணைத்தார். சக்கரம் இறங்கியது. சுமார் 150 கோடி டாலர் செலவான திட்டத்தின் விமானத்தை ஒரு பேப்பர் கிளிப் காப்பாற்றியது என்று மறுநாள் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

மாடலில் கைதேர்ந்தவர்களையே திணறடிக்கும் இடம் வயிற்றுப் பகுதி. ஆறு ஜெனரல் எலெக்ட்ரிக் ஜே93 என்ஜின்களும் பின்னால் ஒரே வரிசையில் அடுக்கியிருக்கும். அவற்றுக்குக் காற்று கொடுக்க முன்னால் இரண்டு செவ்வக வாய்கள். ஆள் நிமிர்ந்து நிற்கலாம் என்ற அளவு. அங்கிருந்து என்ஜின்வரை சுமார் எண்பது அடி நீளக் குகை. ஒலியைவிட வேகமாக வரும் காற்றை, அசையும் தகடுகளால் நெரித்து, மெதுவாக்கி, என்ஜின் ஏற்கும் வேகத்துக்குக் கொண்டுவருவது அந்தக் குகையின் வேலை. மாடலில் அதன் நீளம் 34 சென்டிமீட்டர். உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் கண்காட்சிகளில் உண்டு, நடுவர்களே பார்ப்பார்கள். பாகங்களை ஒட்டிய பிறகு உள்ளே உப்புத்தாளும் போகாது, தூரிகையும் போகாது. எனவே ஒட்டுவதற்கு முன்பே உள்சுவர்களை நிரவி, வெள்ளை அடித்து முடித்துவிட வேண்டும். சிலர் பிளாஸ்டிக் தாளை வெட்டிக் குகையை முழுசாகவே புதிதாகக் கட்டுகிறார்கள். பொறுமை தீர்ந்தவர்களுக்கு ஒரு நேர்மையான தப்பிக்கும் வழியும் இருக்கிறது: தரையில் நிற்கும் விமானத்தின் வாயைச் சிவப்பு மூடியால் அடைத்துவிடலாம். நிஜத்திலும் பறவையும் குப்பையும் போகாமல் அப்படித்தான் மூடுகிறார்கள்.

இரண்டாவது விமானத்தைத் தேர்ந்தெடுப்பவர்களில் சிலர் ஒற்றை விமானத்தோடு நிறுத்துவதில்லை. 1966 ஜூன் 8 அன்று ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் விளம்பரப் படத்துக்காக, அந்த நிறுவனத்தின் என்ஜின் பொருத்திய ஐந்து விமானங்கள் அணிவகுத்துப் பறந்தன: நடுவே வால்கிரி, இருபுறமும் எஃப்-4, எஃப்-5, டி-38, எஃப்-104. எஃப்-104ஐ ஓட்டியவர் ஜோ வாக்கர். 1963இல் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் நூறு கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியவர். வால்கிரியின் வலது நுனியை ஒட்டிப் பறந்த அவரது விமானம் நுனியில் மோதி, புரண்டு, மேலே பறந்து இரண்டு வால் தகடுகளையும் வெட்டிக்கொண்டு போனது. வாக்கர் அங்கேயே இறந்தார். வால்கிரி பதினாறு நொடிகள் ஒன்றும் நடக்காததுபோல நேராகப் பறந்து, பிறகு சுழன்று விழுந்தது. அந்த விமானத்தில் அன்றுதான் முதல்முறை ஏறிய கார்ல் கிராஸ் உயிரிழந்தார். ஆல் வைட் தப்பினார். தப்பிக்கும் கூடு மூடியபோது கை நசுங்கியிருந்தது. ஐந்து விமானங்களுக்குமே 1/72இல் கிட் கிடைக்கும் என்பதால், மோதலுக்குச் சில நிமிடங்கள் முந்திய அந்த அணிவகுப்பைச் செய்து வைக்கிறார்கள். இதில் வால்கிரியைவிட எஃப்-104க்குத்தான் அதிக ஆராய்ச்சி தேவைப்படும். அன்று பறந்தது நாசாவின் எஃப்-104என் ரகம். விமானப்படை அடையாளங்களோடு வரும் சாதாரணப் பெட்டியை அப்படியே ஒட்டினால் தப்பு.

எல்லாம் முடிந்தபின் ஒரு நடைமுறைச் சிக்கல் எஞ்சும். 78 சென்டிமீட்டர் விமானத்தைப் புத்தக அலமாரியில் குறுக்கே வைத்தால் மூக்கு வெளியே நீட்டும். வீட்டில் துடைப்பம் பிடிப்பவர் முதல் வாரத்திலேயே அதை உடைப்பார். கண்ணாடிப் பெட்டி செய்யச் சொன்னால் தச்சர் கேட்கும் தொகை கிட்டின் விலையைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. எனவே கூரையிலிருந்து தூண்டில் நரம்பில் தொங்கவிடுவது பலரின் முடிவு. அப்படித் தொங்கவிட்டால் நுனிகளை 65 பாகைக்கு மடக்கி, மூக்குச் சாய்தளத்தை உயர்த்தி, சக்கர அறைக் கதவுகளை மூடி ஒட்டிவிடலாம். வெள்ளி டயருக்கும் ஐந்தாவது சக்கரத்துக்கும் பட்ட பாடு வீண்தான். ஆனால் கீழே நின்று பார்ப்பவருக்குத் தெரிவது வயிறு மட்டும் என்பதால், காற்று போகும் அந்த இரண்டு செவ்வக வாய்களையும் சிவப்பு மூடி போட்டு ஒப்பேற்ற முடியாது. பறக்கிற விமானத்துக்கு மூடி ஏது?